காசியில் இருவர், வெள்ளியம்பலத்தில் ஒருவர்

பூபேன் கக்கரின் 'காசியில் இரண்டு ஆண்கள்' ஓவியத்தை நான் நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உனக்குப் பிடித்த ஓவியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

1982-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். இரண்டு ஆண்கள் உடம்பில் துணியில்லாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருக்கிறது. இரண்டு உடம்பிலும் ஆசை வெளிப்படையாகத் தெரிகிறது. அதை மறைக்க ஓவியர் ஒரு இலையைக்கூடக் குறுக்கே வரையவில்லை. அவர்களைச் சுற்றிக் காசி நகரம் சின்னச் சின்னக் காட்சிகளாக விரிகிறது. சாமியார்கள், கும்பிடுகிறவர்கள், அன்றாடப் பாட்டைப் பார்க்கிறவர்கள். அவரவர் அவரவர் வேலையில் இருக்கிறார்கள்.

முதல் தடவை பார்க்கும்போது கண் அந்த இருவரிடம்தான் போகும். அது சகஜம். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல நகர்ந்து சின்ன உருவங்களிடம் போகும். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு மறுபடி இருவரிடம் வரும்போது அவர்கள் முன்பு பார்த்த மாதிரி இருக்க மாட்டார்கள். முதலில் 'ஐயோ, இதென்ன' என்று இருந்தது, இப்போது காசியில் நடக்கிற பல காரியங்களில் இதுவும் ஒன்று என்று ஆகியிருக்கும். ஒருவர் குளிக்கிறார், ஒருவர் கும்பிடுகிறார், இரண்டு பேர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஓவியம் பார்ப்பவரிடம் கேட்பது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.

நான் மதுரைக்காரன். மாசி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் டிசைனர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், காலண்டர் அட்டை, நினைவஞ்சலி போஸ்டர். சாமி படத்தையும் மனுசர் முகத்தையும் ஒரே லேஅவுட்டில் பொருத்துவதுதான் நாள் முழுக்க என் வேலை. மேலே குலதெய்வம், நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் தாய்மாமன்மார், கீழே நண்பர்கள் தபால்தலை அளவில். எந்த முகம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதில் குடும்பங்கள் போடும் சண்டையை வருசக்கணக்காகப் பார்த்தாயிற்று. பெரிய மாமன் படத்தை அரை இஞ்ச் சின்னதாகப் போட்டுவிட்டால் அன்றைக்கு அச்சகத்தில் பஞ்சாயத்துதான். அளவு என்பது மரியாதை. அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் யாரைப் பெரிதாகப் போட்டிருக்கிறான் என்றுதான் என் கண் முதலில் தேடும். இதற்கு அப்புறம் வருகிறேன்.

கக்கர் 1934-இல் பம்பாயில் பிறந்தவர். குஜராத்திக் குடும்பம். படித்தது சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி. 1962-இல் பரோடாவுக்குப் போனார். அங்கே பகுதி நேரமாகக் கணக்கு எழுதிச் சம்பாதித்துக்கொண்டே ஓவியரானார். முறையாக ஓவியப் பள்ளியில் உடம்பு வரையக் கற்றுக்கொண்டு வந்தவர் இல்லை என்பது அவர் வரைந்த ஆட்களைப் பார்த்தாலே தெரியும். கை கொஞ்சம் கனமாக இருக்கும், தோள் சரிந்திருக்கும், நிற்பதில் ஒரு தயக்கம் இருக்கும். எனக்கு அந்தத் தயக்கம் ரொம்பப் பிடிக்கும். ஜிம்முக்குப் போகாத, நாற்காலியில் உட்கார்ந்தே வயதான ஆண்களின் உடம்பு அது. ரேஷன் கடை வரிசையில் பார்க்கிற உடம்பு.

1960-களில் அவர் முதலில் செய்தவை ஒட்டுப் படங்கள். கடைவீதியில் விற்கிற சாமி படங்களையும் காலண்டர் படங்களையும் வெட்டி ஒட்டிச் செய்தார். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளின் பூஜை அறைகள் எல்லாம் அந்தக் காலண்டர் சாமிகளால் நிறைந்தவை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு (1898–1976) வரைந்தார், அவருடைய சீடர்கள் வரைந்தார்கள், சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போயிற்று. வழுவழுப்பான கன்னம், ரோஸ் கலர் பாதம், தாமரை மாதிரிக் கை. மீனாட்சி கல்யாணம் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு மனதில் வருவது கோவில் சிற்பம் இல்லை, அந்தக் காலண்டர் படம்தான். நகரத்துப் பெரிய ஓவியர்கள் அதையெல்லாம் மட்டம் என்று ஒதுக்கிய காலத்தில் கக்கர் கத்தரிக்கோலோடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மக்கள் எதைக் கும்பிடுகிறார்களோ, எதைச் சுவரில் மாட்டுகிறார்களோ, அதில் ஏதோ இருக்கிறது என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை இல்லாமல் பிற்பாடு காசிப் படத்தை வரைந்திருக்க முடியாது.

1970-களில் சின்னக் கடைக்காரர்களை வரைந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், முடிதிருத்துகிறவர், தையல்காரர். தையல் கடை ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் புதுமண்டபம் ஞாபகம் வரும்.

மீனாட்சி கோவில் கீழக்கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தைத் தெரியாத மதுரைக்காரர் இல்லை. திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். நான் வளர்ந்த காலத்தில் அது முழுக்கக் கடைகள். ஒவ்வொரு தூணடியிலும் ஒரு தையல் மெஷின். பள்ளிக்கூட நாடகத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கும் அங்கேதான் உடுப்பு தைப்பார்கள். சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிப்போய் அளவு கொடுக்கச் சொன்னார். தையல்காரர் டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டு, "தம்பி, மூச்சை விடு, இழுத்துப் பிடிக்காத" என்றார். அண்ணாந்து பார்த்தேன். அவர் தலைக்கு மேலே, மெஷின் எண்ணெயும் கைபட்ட அழுக்கும் ஏறிய தூணில் தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி, நின்றாள். மூன்று மார்பகங்களோடு. யாகத் தீயில் பிறந்த பிள்ளை, மணக்கப் போகிறவனைப் பார்த்ததும் ஒன்று மறைந்துவிடும் என்று அசரீரி சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிலைக்குக் கீழே ஒரு ஆள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். தெய்வத்தின் உடம்பும், தைக்கிறவர் உடம்பும், அளவு கொடுக்கிற பையனின் உடம்பும் ஒரே தூணடியில். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான், கல்லைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் சிலைகளைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்திய அந்தக் கலவை போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. காசிப் படத்தில் நான் பார்ப்பது அதே கலவையைத்தான்.

அதே மண்டபத்தில் இன்னொரு தூணில் சிவன் பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார். தாய்ப்பன்றி செத்துப்போய்க் குட்டிகள் பசியில் கதறுகின்றன. கேட்கப் பொறுக்காமல் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். திருவிளையாடற் புராணத்தில் இதற்கென்றே ஒரு படலம் உண்டு. ஒரு ஆண் தெய்வம், அதுவும் பன்றியாக, பால் சுரந்து நிற்கிறது. இதைச் செதுக்கிய சிற்பிக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் அம்மாவுக்குக் கோவிலில் பிடித்த இடம் வெள்ளியம்பலம். மற்ற ஊர்களில் நடராசர் இடது காலைத் தூக்கி ஆடுவார், இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். கதை தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இராசசேகர பாண்டியனுக்கு அறுபத்து மூன்று கலைகள் தெரியும், நடனம் மட்டும் தெரியாது. சோழனுக்கு அதுவும் தெரியும் என்று ஒரு புலவர் சொல்லக் கேட்டு ரோசம் வந்து ஆடக் கற்றுக்கொள்கிறான். ஆடிப் பார்த்தால் உடம்பெல்லாம் வலி. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, எத்தனை யுகமாக ஒரே காலில் நிற்கிறார் இவர், இவருக்கு எப்படி வலிக்கும் என்று. சிவராத்திரி அன்றைக்கு வெள்ளியம்பலத்துக்கு வந்து அழுகிறான். காலை மாற்றி ஆடுங்கள், மாற்றவில்லை என்றால் இந்த வாளின் மேல் விழுந்து உயிரை விடுவேன் என்கிறான். கண்ணை மூடித் திறந்தால் கால் மாறியிருக்கிறது.

அம்மா அந்தச் சன்னதியில் நிற்கும்போது தன் முழங்காலைத் தடவிக்கொண்டேதான் நிற்பாள். "வலிக்குமேன்னு கேட்டான் பாரு, அவன்தான் பக்தன்" என்பாள். வேறு எந்த விளக்கத்தையும் விட எனக்கு இது போதும். பாண்டியனுக்குத் தத்துவம் எதுவும் புரிந்துவிடவில்லை. அவன் கெண்டைக்கால் வலித்தது, அந்த வலி வழியாகத்தான் தெய்வத்தை நெருங்கினான். நெருக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொரு உடம்பு எப்படி இருக்கும் என்று தன் உடம்பால் தெரிந்துகொள்வது.

பிட்டுக்கு மண் சுமந்த கதையும் அப்படித்தான். வைகைக் கரையில் பாண்டியன் பிரம்பால் அடித்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணி மூலத்தில் இன்றைக்கும் புட்டுத்தோப்பில் அந்த உற்சவம் நடக்கிறது. அடி வாங்கிய சாமி, பால் கொடுத்த சாமி, கால் வலித்த சாமி. இந்த ஊர்ச் சாமிக்கு முழுசாக ஒரு உடம்பு இருக்கிறது.

இரவில் பள்ளியறைப் பூசை பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொக்கர் பாதம் பல்லக்கில் ஏறி மேளதாளத்தோடு அம்மன் சன்னதிக்கு வருகிறது. கூட்டம் அதிகம் இருக்காது. வழக்கமாக வருகிற வயசாளிகள், புதுசாகக் கல்யாணமான ஜோடிகள், பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள். பாட்டு, தீபாராதனை, பால் நைவேத்தியம். கதவு சாத்துவார்கள். உலகத்தை ஆளுகிற இருவர் ராத்திரி ஒன்றாகத் தூங்கப் போவதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழியனுப்பிவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு நாளின் கடைசி வழிபாடே அதுதான். கட்டில் விஷயத்தை இத்தனை மரியாதையோடு ஊர் நடுவில் வைத்திருக்கிற நாம், துணியில்லாத ஒரு உடம்பைக் கான்வாஸில் பார்த்ததும் ஏன் அப்படிப் பதறுகிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்தப் படத்தைப் பற்றி நான் ரொம்பப் பேசியது எங்கள் டிராயிங் சாரிடம்தான். ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போதும் சாயங்காலம் அச்சகத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். திரையில் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு தம்பி வரைஞ்சது?"

சொன்னேன்.

"சுத்தி இருக்கிற ஆளுகளையெல்லாம் பொடிசு பொடிசா போட்டுட்டு இவங்க ரெண்டு பேர மட்டும் இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்காரே. அழகர்கோவில் வசந்த மண்டபத்து விதானம் பாத்திருக்கீங்கள்ல?"

"பாத்திருக்கேன் சார். ராமாயணம்."

"பழைய சுவர்ப் படத்துல யாரப் பெருசாப் போடுவான்? சாமியப் போடுவான், ராஜாவப் போடுவான். கும்பிட வந்தவன் காலடியில சின்னதா நிப்பான். இந்தாளு அந்த எடத்த இவங்களுக்குக் குடுத்துட்டாரு."

நாள் பூராவும் மாமன்மார் படத்தை இஞ்ச் கணக்கில் பெரிசும் சின்னதும் ஆக்குகிற எனக்கு இதைக் கேட்டதும் புல்லரித்துவிட்டது. ஓவியத்தின் மையமே அதுதான். இரண்டு ஆண்களின் காதலை ஒரு மூலையில் ரகசியமாக, மன்னிப்புக் கேட்கிற தொனியில் வரையவில்லை. தெய்வத்துக்கு ஒதுக்குகிற அளவை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதே சமயம் வழிபாட்டைக் கேலி செய்யவும் இல்லை. சுற்றிலும் இருக்கிற சின்ன உருவங்களை அத்தனை அக்கறையோடு வரைந்திருக்கிறார். கும்பிடுகிறவரையும் நேசிக்கிறார், கட்டிப்பிடிக்கிறவரையும் நேசிக்கிறார். அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தால் காசியை வரைந்திருக்க வேண்டியதில்லை, ஒரு ஓட்டல் ரூமே போதும்.

கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, புராணத்துல வர்றது வேற, இது வேறண்ணே" என்றார். கோபப்பட்டுச் சொல்லவில்லை, நிஜமாகவே சங்கடப்பட்டுச் சொன்னார். இதற்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் நம் ஆட்கள் மோகினியைக் கொண்டுவருவார்கள். சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் நடக்கும், அழகர் கடைசியில் மோகினியாக வருவார், அதைப் பார்க்க ஜனம் தூங்காமல் கிடக்கும். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெருமாளை நினைத்து உருகிப் பாடினார்கள். கக்கருக்கும் வைஷ்ணவத்தில் ஆண்கள் தோழி பாவத்தில் கண்ணனை வழிபடுகிற மரபு நன்றாகத் தெரியும், 1995-இல் அதை வைத்தே வரைந்திருக்கிறார். இதெல்லாம் உண்மை. ஆனால் இதை அனுமதிச் சீட்டு மாதிரி நீட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆழ்வார் நாயகியாக மாறித்தான் காதலிக்கிறார். அழகர் மோகினியாக மாறித்தான் வருகிறார். காசிப் படத்தில் யாரும் எதுவாகவும் மாறவில்லை. இரண்டு ஆண்கள் ஆண்களாகவே, ஒருவர் நரைத்த தலையோடு, நிற்கிறார்கள். லீலை இல்லை, அலங்காரம் இல்லை, மறுநாள் காலையில் கலைக்கிற வேடமும் இல்லை. அந்த வகையில் தம்பி சொன்னது சரி, இது வேறுதான். நம் மரபு உடம்பையும் தெய்வத்தையும் சேர்த்துப் பார்க்கக் கண்ணைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு இந்தப் படத்தின் வாசல் வரைக்கும் வரலாம். உள்ளே போவது நம் காரியம்.

எனக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும். இந்தக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டே போனால் கக்கரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை. பெண் பார்ப்பதை ஒரு கட்டத்தில் அவளாகவே நிறுத்திவிட்டாள், சொந்தக்காரர்கள் கேட்டால் "அவனுக்கு வேலை சரியா இருக்கு" என்று சொல்லிவிடுவாள்.

1982-இல் கக்கர் இதை வரைந்தபோது இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவின்படி இந்த அணைப்பு குற்றத்துக்கான முகாந்திரம். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2013-இல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் பொருத்தியது, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே நீதிமன்றம் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. நடுவில் 2012-இல் மதுரையிலேயே பாலினப் பன்மைக்காக ஊர்வலம் போனார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் கோவிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னது. தூத்துக்குடி ஜோடி. 2023-இல் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு ரொம்ப முன்னாலேயே ஒருவர் பரோடாவில் தூரிகையை எடுத்துவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவரும் உடனே எடுத்துவிடவில்லை. அவருடைய அம்மா 1980-இல் இறந்துபோனார். அதற்கு அப்புறம்தான் இந்த ஓவியங்கள் வரத் தொடங்கின. 1981-இல் 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது' என்று ஒன்று வரைந்தார். அப்பனும் மகனும் கழுதையும் கதை, நாம் இரண்டாம் வகுப்பில் படித்தது. கழுதை மேல் ஏறினாலும் குற்றம், ஏறாவிட்டாலும் குற்றம், சுமந்தாலும் குற்றம். அந்தக் கதை கீழே தெருவில் நடக்கிறது. மேலே மாடியில் உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்க்கிறார். ஊர் வாய்க்குப் பயந்து கழுதையைச் சுமந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்போது லண்டனில் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த வருசமே காசிப் படம். மாடியில் தனியாக முதுகைக் காட்டி நின்றவர் ஒரே வருசத்தில் இறங்கிவந்து இன்னொருவரைக் கட்டிக்கொண்டார் என்றுதான் நான் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன். காசிப் படம் 2019-இல் லண்டனில் ஏலம் போனது. இருபத்தைந்து லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தப் பணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பொது இடத்தில் ஜனங்கள் பார்க்கிற மாதிரி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைத் தவிர.

1994-இல் நீர்வண்ணத்தில் ஒன்று வரைந்தார். 'உன்னிடம் என் காதலைச் சொல்ல எனக்கு எத்தனை கைகள் வேண்டும்' என்று தலைப்பு. பல கைகள் உள்ள உருவம். நம் சிலைகளில் கூடுதல் கை என்றால் சக்தி. ஒன்றில் சூலம், ஒன்றில் உடுக்கை, ஒன்றில் அபயம். அவர் அந்தக் கைகளிலிருந்து ஆயுதத்தை எல்லாம் வாங்கிவிட்டுத் தொடுவதற்குக் கொடுத்துவிட்டார். கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பத்தில் எனக்குப் பிடித்ததும் கைதான். மீனாட்சி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், பெருமாள் தாரை வார்க்கிறார், சொக்கர் அவள் கையைப் பிடிக்கிறார். அத்தனை பெரிய கல்லில் அந்த விரல்கள் தொடுகிற இடத்தில் மட்டும் கல் கல்லாக இல்லை. கக்கர் அந்தச் சிற்பத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அதைச் செதுக்கியவருக்கும் அவருக்கும் ஒரே விஷயம்தான் தெரிந்திருக்கிறது.

கடைசி வருசங்களில் அவருக்குப் புற்றுநோய். ஆசையை வரைந்த அதே கையால் கிழிபடுகிற, ரத்தம் கொட்டுகிற உடம்பை வரைந்தார். 2003-இல் இறந்தார். அந்தக் கடைசிப் படங்களை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. ஆனால் அவை வேறு ஆள் வரைந்தவை இல்லை. உடம்பு சந்தோசப்படும்போது பார்த்தவர் அது நோகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

போன மாதம் காசிப் படத்தை எனக்கென்று நல்ல தாளில் ஒரு பிரின்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தாள். காட்டினேன். காட்ட வேண்டும் என்றுதான் கொண்டுபோனேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "காசியா?" என்றாள். ஆமாம் என்றேன். சின்ன உருவங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெரிய உருவங்கள் மேல் விரலை வைக்கவில்லை.

"வயசானவரு போல."

"ஒருத்தர் வயசானவர்."

"துணி போட்டு வரைஞ்சிருக்கக் கூடாதா?"

"இல்லம்மா. போட்டா இந்தப் படம் இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏய்யா, இத எங்க மாட்டப் போற?" என்று கேட்டாள். முன்ரூமில் என்றேன்.

"முன்ரூம் வேணாம்யா. ஆளு பேரு வந்து போற எடம். நாளைக்கு உன் சித்தி வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"காசின்னு சொல்லு."

"காசிதான். கூட நிக்கிறது யாருன்னு கேப்பால்ல?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னேன். பெயர் சொல்லி, எந்த ஊர், எத்தனை வருசமாகப் பழக்கம் என்பது வரைக்கும் சொன்னேன். அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இப்போதைக்குப் படம் என் அறையில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. முன்ரூம் விஷயத்தில் அவள் இன்னும் இறங்கி வரவில்லை, நானும் விடவில்லை. நேற்று ராத்திரிகூடச் சாப்பிடும்போது அதே பேச்சுதான். ஆடி மாசம் கழியட்டும், சித்தி வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். ஆளைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு நாள் மத்தியானம் சாப்பிடட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.